மழை விட்டும் தூவானம் விடவில்லை



"மழை விட்டும் தூவானம் விடவில்லை" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பெருமழை ஓய்ந்துவிடும். வானம் வெளுத்துவிடும். ஆனாலும் வெளியே போட்ட துணி காயாது. அடுப்பு விறகு ஈரம் விடாது. சில காய்ச்சல்களும் அப்படித்தான். காய்ச்சல் தணிந்துவிட்டது, கிருமி போய்விட்டது என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்த உடம்பு மட்டும் பழைய உடம்பாகத் திரும்பி வராது. இந்த முறை அந்தத் தூவானத்தைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன்.

2022-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். கோவிட் கட்டுப்பாடுகள் தளர்ந்து நாடே பெருமூச்சு விட்ட நேரம். பள்ளி திறந்து சில வாரங்கள்தாம் ஆகியிருந்தன. ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவி தினமும் முதல் பாடத்திலேயே மேசைமேல் தலை சாய்த்துத் தூங்கிப் போவாள். வீட்டுப் பாடமும் செய்வதில்லை. இரண்டு முறை கண்டித்தேன். மூன்றாம் முறை எழுந்து நிற்கச் சொல்லிவிட்டேன். நின்றபடியே கண்ணை மூடினாள் அந்தக் குழந்தை. அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. பக்கத்தில் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டேன்.

"காலையில நாலு மணிக்கு எழுந்திரிக்கிறேன் டீச்சர். சோறாக்கி, தம்பியைக் குளிப்பாட்டிட்டு வரேன். அம்மாவால முடியல."

அன்று மாலையே லூனாஸ் பக்கத்தில் இருந்த அவர்கள் தோட்டத்து வீட்டுக்குப் போனேன். தகப்பனார் செம்பனைக் குலை அறுப்பவர். தாயார் உதிரிப் பழம் பொறுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். பிப்ரவரி மாதம் வீட்டில் எல்லாருக்குமே கோவிட் வந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகிற அளவுக்கு இல்லை. வீட்டிலேயே தனிமையில் இருந்து எழுந்துவிட்டார்கள். மற்றவர்கள் பத்து நாளில் தேறிவிட்டார்கள். தாயார் மட்டும் தேறவில்லை.

வாசலிலேயே மாமியார் பிடித்துக்கொண்டார். "டீச்சரம்மா, நீங்களே சொல்லுங்க. காய்ச்சல் விட்டு ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. இன்னும் படுத்தே கிடக்கிறா. அந்தக் காலத்துல நாங்க பிள்ளை பெத்த பன்னிரண்டாம் நாளே காட்டுக்குப் போனவங்க!"

உள்ளே அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசவில்லை. கண்ணில் நீர் மட்டும் நின்றது. பிறகு மெல்லச் சொன்னார்: "படுத்துக்கிட்டே இருக்கணும்னு எனக்கு ஆசையா டீச்சர்? ஒரு வாளி தண்ணி தூக்கினா மறுநாள் எழுந்திரிக்க முடியல. மாடிப்படி இல்லாத வீட்டுலயே மூச்சு வாங்குது. அடுப்புல என்ன வச்சேன்னு மறந்து போகுது. தண்டலும் சோம்பேறின்னு சொல்றாரு, வீட்டுலயும் அதையேதான் சொல்றாங்க. ஒருவேளை நான் சோம்பேறிதானோன்னு எனக்கே தோணுது."

வாசகர்களே, அந்தக் கடைசி வார்த்தைதான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது.

நோயாளிகளே வைத்த பெயர்

இந்தத் தூவானத்துக்கு உலகம் இன்று 'நீண்ட கோவிட்' என்று பெயர் சொல்கிறது. இந்தப் பெயரை வைத்தது பெரிய டாக்டர் எவரும் அல்லர். இத்தாலியைச் சேர்ந்த எலிசா பெரேகோ என்னும் தொல்பொருள் ஆய்வாளர், தாமே நோயுற்றுத் தேறாமல் கிடந்தபோது, 2020 மே மாதத்தில் தம் நிலையைக் குறிக்க அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். அவரைப் போலவே தவித்துக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கானோர் அதைப் பற்றிக்கொண்டார்கள். மருத்துவ உலகம் பிறகுதான் வந்து சேர்ந்தது. "எனக்கு இன்னும் சரியாகவில்லை" என்று நோயாளிகள் விடாமல் சொன்னதால்தான் இந்த நோய்க்குப் பெயரே கிடைத்தது என்பதை நாம் மறக்கக் கூடாது.

உலகச் சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் இதற்கு ஓர் இலக்கணம் வகுத்தது. கோவிட் கண்டு பொதுவாக 3 மாதங்கள் கடந்த நிலையிலும் தொல்லைகள் இருந்து, அவை குறைந்தது 2 மாதங்கள் நீடித்து, வேறு நோயைக் காரணம் காட்ட முடியாமல் இருந்தால் அதுவே இந்நிலை. தீராத களைப்பு, மூச்சு வாங்குதல், மறதியும் மனம் குவியாமையும், நெஞ்சுப் படபடப்பு, மூட்டு வலி, தூக்கமின்மை, வாசனை தெரியாமை என்று தொல்லைகள் பல. கோவிட் கண்ட 100 பேரில் ஏறக்குறைய 6 பேருக்கு இந்நிலை வருவதாக அந்நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. பெண்களுக்குச் சற்று அதிகம். கடுமையாக நோயுற்றவர்களுக்கு அதிகம். ஆனால் லேசாக வந்து போனவர்களுக்கும் வரலாம். தடுப்பூசி போட்டவர்களுக்கு ஆபத்து குறைவு. பெரும்பாலோர் நாளடைவில் தேறிவிடுகிறார்கள். சிலருக்குத்தான் ஆண்டுக்கணக்கில் இழுக்கிறது.

100 பேரில் 6 பேர்தானே என்று அலட்சியமாக இருந்துவிட முடியுமா? நம் நாட்டில் கோவிட் கண்டவர்களாகப் பதிவானவர்களே ஐம்பது லட்சத்துக்கு மேல்!

நமக்கு இது புதிதா?

இல்லை என்பதே என் பதில். நம் தோட்டத்து மக்கள் இந்தத் தூவானத்தில் முன்பே நனைந்தவர்கள்.

சிக்குன்குன்யாவை நினைத்துப் பாருங்கள். 2008-ஆம் ஆண்டில் ஜொகூரில் பெரிதாகக் கிளம்பிய அந்தக் காய்ச்சல் மற்ற மாநிலங்களுக்கும் பரவியது. நம் கெடாவும் தப்பவில்லை. அதைப் பரப்பிய ஏடிஸ் கொசு, ரப்பர் மரத்தில் கட்டியிருக்கும் பால் மங்கில் மழைநீர் தேங்கினால் அதிலேயே முட்டையிடும். 'சிக்குன்குன்யா' என்ற சொல் ஆப்பிரிக்காவின் மக்கோண்டே மொழியில் 'வளைந்து போதல்' என்று பொருள்படும். நோயாளி வலியால் வளைந்து நடப்பதைக் கண்டு வைத்த பெயர். காய்ச்சல் ஒரு வாரத்தில் போய்விடும். ஆனால் மணிக்கட்டு, விரல், கணுக்கால் வலி மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நிற்கும். உளியைப் பிடித்து மரம் வெட்டிப் பிழைக்கும் ஒருவருக்கு மணிக்கட்டு வலி என்றால் அது வலி மட்டுமா? வீட்டு அடுப்பு அல்லவா அணைகிறது!

அதற்கும் முன்னால் 1998, 1999-ஆம் ஆண்டுகளில் நிப்பா கிருமி. ஈப்போ வட்டாரத்தில் தொடங்கி நெகிரி செம்பிலானின் சுங்கை நிப்பாவரை போய், பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களைத் தாக்கியது. 265 பேர் மூளை அழற்சிக்கு ஆளாகி 105 பேர் இறந்தனர். பிழைத்து வீடு திரும்பியவர்களில் சிலருக்கு, மாதங்கள் கழித்தும் ஆண்டுகள் கழித்தும் மூளை அழற்சி மறுபடியும் வந்தது. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர்கள் அவர்களை விடாமல் பின்தொடர்ந்து பார்த்ததனால்தான் இந்த உண்மையே உலகத்துக்குத் தெரிந்தது. வீட்டுக்கு அனுப்பியதோடு கணக்கை முடித்திருந்தால் எவருக்கும் தெரிந்திருக்காது.

ஆகவே, 'டிஸ்சார்ஜ்' சீட்டு கையில் வந்த நாளோடு எல்லா நோயும் முடிந்துவிடுவதில்லை. அதற்குப் பிறகும் ஒரு வைத்தியம் இருக்கிறது. அதன் பெயர் தொடர் கவனிப்பு.

ஒரு தேர், பல கைகள்

இந்தத் தொடர் கவனிப்பில் ஒரு சிக்கல் உண்டு. கால் முறிந்தால் எலும்பு டாக்டர். கண் மங்கினால் கண் டாக்டர். ஆனால் களைப்பும், மூச்சு வாங்குதலும், மறதியும், மனச் சோர்வும் ஒரே ஆளுக்குச் சேர்ந்து வந்தால் எந்த டாக்டரிடம் போவது? இந்த நோயைக் காட்டிக் கொடுக்கும் தனி இரத்தப் பரிசோதனை கிடையாது. இதை அடியோடு தீர்க்கும் ஒற்றை மாத்திரையும் இன்னும் இல்லை. கிருமியின் மிச்சம் உடம்பில் தங்குவதாலா, நோய் எதிர்ப்புச் சக்தி தடம் மாறிப்போவதாலா, இதயத் துடிப்பை நடத்தும் நரம்புகள் ஒழுங்கு தவறுவதாலா என்று இன்றும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். ஒருவருக்குள்ள காரணம் இன்னொருவருக்கு இருப்பதில்லை.

திருவிழாத் தேரை ஒருவர் இழுத்து நகர்த்த முடியுமா? பல கைகள் ஒரே வடத்தைப் பிடித்து ஒரே பக்கம் இழுக்க வேண்டும். இந்த நோய்க்கும் அதுவே வழி என்று பல நாடுகள் கண்டன. இங்கிலாந்து அரசாங்கச் சுகாதாரத் துறை 2020 அக்டோபரிலேயே இதற்கெனத் தனிக் கிளினிக்குகள் அமைக்கப்போவதாக அறிவித்தது. நம் சுகாதார அமைச்சும் 2021-இல் கோவிட்டுக்குப் பிந்திய கவனிப்புக்கென ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டது. பெருந்தொற்றின்போது முன்னணியில் நின்ற சுங்கை பூலோ மருத்துவமனையில் மறுவாழ்வு மருத்துவப் பிரிவினர், தேறி வந்தவர்களுக்கு மூச்சுப் பயிற்சியும் உடற்பயிற்சியும் கொடுத்து மீட்டெடுக்கும் பணியைச் செய்தார்கள். அந்தச் சுங்கை பூலோ எந்த இடம் தெரியுமா? 1930-இல் தொழுநோயாளிகளுக்கென அமைத்த குடியிருப்பு இருந்த அதே பள்ளத்தாக்கு. நோயாளிக்கு மருந்தோடு வேலையும் வீடும் மனிதர் துணையும் வேண்டும் என்பதை முன்பே பார்த்த மண் அது.

இந்தத் தேரின் வடத்தைப் பிடிக்கும் கைகள் யார் யாருடையவை? முதலில் நம் பக்கத்து அரசாங்கச் சுகாதார கிளினிக்கின் டாக்டர். அவர்தான் எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்ப்பவர். இரத்தச் சோகை, நீரிழிவு, தைராய்டு, காசநோய், இதய நோய் இவற்றில் ஏதேனும் ஒளிந்திருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுவார். தேவையானால் நெஞ்சு நோய் நிபுணருக்கோ இதய நிபுணருக்கோ கடிதம் தருவார். மூச்சையும் தசையையும் படிப்படியாகப் பழக்குபவர் பிசியோதெரபி செய்பவர். குளித்தல், சமைத்தல், வேலைக்குப் போதல் இவற்றைக் குறைந்த சக்தியில் எப்படிச் செய்வது என்று காட்டித் தருபவர் தொழில்வழிச் சிகிச்சை அளிப்பவர். எதைச் சாப்பிடுவது என்று சொல்பவர் உணவு ஆலோசகர். பயத்துக்கும் சோர்வுக்கும் செவி கொடுப்பவர் மனநல ஆலோசகர். குடும்பச் செலவுக்கும் உதவித் தொகைக்கும் வழி சொல்பவர் மருத்துவமனைச் சமூக நல அதிகாரி.

எல்லாருக்கும் இத்தனை பேரும் தேவைப்படுவதில்லை. எவருக்கு யார் தேவை என்று பார்த்து அனுப்புவதுதான் முதல் டாக்டரின் வேலை.

ஒரு நோட்டுத் தாளின் கதை

மீண்டும் என் மாணவியின் வீட்டுக்கு வருவோம்.

அந்தத் தாயார் வைத்தியமே பார்க்கவில்லை என்று நினைக்காதீர்கள். இருமலுக்கு ஒரு கிளினிக், தலைச்சுற்றலுக்கு இன்னொரு கிளினிக், தூக்கத்துக்கு மூன்றாவது. நடுவில் மந்திரித்துக் கயிறும் கட்டியாகிவிட்டது. ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிடம். அந்தந்தத் தொல்லைக்கு மட்டும் மருந்து. வீட்டில் இருந்த பிளாஸ்டிக் பையைக் கொட்டிப் பார்த்தேன். ஏழு வகை மாத்திரைகள். அவற்றில் இரண்டு, பெயர் வேறாக இருந்தாலும் ஒரே வலி மருந்து. அதை அறியாமல் இரண்டையும் விழுங்கிக்கொண்டிருந்தார். கை பல இருந்தும் வடம் ஒன்றாக இல்லை! ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் தேர் எப்படி நகரும்?

அந்தக் காலத்துத் தோட்டத்தில் டிரசர் ஒருவர் இருப்பார். அவருக்குப் பெரிய படிப்பு இல்லாவிட்டாலும் ஒவ்வொரு குடும்பத்தையும் தெரியும். யாருக்கு என்ன நோய், யார் வீட்டில் அடுப்பெரியவில்லை என்பது அவர் மனத்தில் இருக்கும். அவரே வடம். இன்று பல தோட்டங்களில் அந்த டிரசரும் இல்லை. பல இடங்களில் தோட்டமே இல்லை. ஆகவே நாமே ஒரு வடத்தைத் திரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நான் ஒன்றும் பெரிதாகச் செய்துவிடவில்லை. பள்ளி நோட்டில் ஒரு தாளைக் கிழித்தேன். அந்தப் பெண்ணை உட்கார வைத்துக் கேட்டுக் கேட்டு எழுதினேன். காய்ச்சல் எந்தத் தேதியில் வந்தது, என்ன தொல்லை எப்போது தொடங்கியது, எதைச் செய்தால் கூடுகிறது, முன்பு என்னென்ன வேலை செய்தார், இப்போது எது முடியவில்லை, என்னென்ன மருந்து சாப்பிடுகிறார். இவ்வளவும் ஒரே பக்கத்தில் அடங்கிவிட்டது. மாத்திரைப் பையையும் எடுத்துக்கொண்டு, ஒரு நாள் அரை நாள் விடுப்பு எடுத்து, அரசாங்கக் கிளினிக்குக்குக் கூடவே போனேன்.

டாக்டர் இளம்பெண். தாளை வாங்கி மேலிருந்து கீழ்வரை படித்தார். பிறகு தாயாரைப் பார்த்து மலாயில் ஒரு வார்த்தை சொன்னார். அது தாயாருக்கு நன்றாகவே புரிந்தது: "இது நீங்களாகக் கற்பனை செய்துகொண்டதல்ல." அந்தப் பெண் அங்கேயே அழுதுவிட்டார்.

இரத்தம் பார்த்ததில் சோகை இருந்தது. சர்க்கரை எல்லைக் கோட்டில் இருந்தது. எக்ஸ்ரேயிலும் சளிப் பரிசோதனையிலும் காசநோய் இல்லை என்று தெரிந்தது. விரலில் கருவியை மாட்டி நடக்க வைத்துப் பார்த்தார்கள். உயிர்வாயு குறையவில்லை, ஆனால் நாடித் துடிப்பு தாறுமாறாக ஏறியது. தேவையில்லாத மாத்திரைகளை நிறுத்திவிட்டு, இரும்புச் சத்து மாத்திரை கொடுத்து, பிசியோதெரபிக்கும் மனநல ஆலோசனைக்கும் கடிதம் எழுதினார்.

இங்கேதான் ஒரு தடங்கல். நான்கு இடம், நான்கு வெவ்வேறு நாள்! ஒவ்வொரு நாளும் கூட்டிப் போக வேண்டிய கணவருக்கு ஒரு நாள் கூலி போகும். மாதச் சம்பளம் வாங்குவோருக்கு இது சிறிய விஷயம். நம்மவருக்கு இதுவே வைத்தியத்தை விட்டுவிடக் காரணமாகிவிடும். தயங்கித் தயங்கித் தாதியிடம் கேட்டோம். அவர் புத்தகத்தைப் புரட்டி, இரண்டு சந்திப்புகளை ஒரே காலையில் போட்டுத் தந்தார். கேட்டதால் கிடைத்தது. கேளாமல் வந்திருந்தால்?

நம் வீட்டில் செய்ய வேண்டியவை

அந்தக் குடும்பம் கற்றுக்கொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலாவது, சக்தியைக் கணக்குப் பார்த்துச் செலவழித்தல். தண்ணீர் நேரம் பார்த்து வரும் லயத்தில் தொட்டியை எப்படிப் பாதுகாப்போம்? காலையிலேயே முழுவதையும் கொட்டிவிட்டால் மாலைக்கு இல்லை. நோயுற்ற உடம்பும் அந்தத் தொட்டிதான். இன்று நன்றாக இருக்கிறதே என்று ஒரே மூச்சில் வீடெல்லாம் கழுவினால், மறுநாளோ அதற்கும் மறுநாளோ படுத்துவிடுவார்கள். பத்து நிமிட வேலை, பிறகு ஓய்வு. காய் நறுக்குவதை உட்கார்ந்தே செய்யலாம். முக்கியமானதை முதலில் செய்து, மற்றதைத் தள்ளிப் போடலாம். "வேலை செய்யச் செய்யத்தான் உடம்பு வலுக்கும்" என்று வற்புறுத்துவது இந்த நோயில் சிலருக்குக் கேடாகவே முடியும். பயிற்சியைச் சொல்லித் தருபவர் சொல்கிற அளவோடு நிற்க வேண்டும்.

இரண்டாவது, மூச்சு. மூச்சு வாங்கும்போது நாற்காலியில் உட்கார்ந்து, சற்று முன்னால் சாய்ந்து, முழங்கைகளைத் தொடையில் ஊன்றிக்கொள்ள வேண்டும். மூக்கால் மெல்ல இழுத்து, ஊதாங்குழலால் அடுப்பை நிதானமாக ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து விட வேண்டும். நம் பாட்டிமார் ஊதாத அடுப்பா?

மூன்றாவது, ஒரு சிறு நோட்டுப் புத்தகம். இன்று என்ன செய்தேன், எப்படி இருந்தது என்று தினமும் இரண்டு வரி. எழுதத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் எழுதட்டும். எந்த டாக்டரிடம் போனாலும் அந்த ஒரே புத்தகமும், எல்லா மருந்தும் உள்ள ஒரே பையும் கூடவே போகட்டும். நாட்டு மருந்து, சீன மருந்து எதுவானாலும் மறைக்காமல் சொல்லுங்கள்.

நான்காவது, சர்க்கரை. 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு, இந்நாட்டுப் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு என்று காட்டியது. நம் இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். கோவிட்டுக்குப் பிறகு நீரிழிவு தலைகாட்டுவதும் உண்டு. களைப்பெல்லாம் கோவிட் களைப்பு என்று நாமே முடிவு கட்டிவிடாமல், பரிசோதித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் காசநோய்ப் பரிசோதனையும் அவசியம்.

ஐந்தாவது, ஆபத்துக் குறிகள். சும்மா இருக்கும்போதே மூச்சுத் திணறல், நெஞ்சை அழுத்தும் வலி, மயங்கி விழுதல், முகம் ஒரு பக்கம் கோணுதல், கை கால் திடீரென்று செயலிழத்தல், உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம். இவற்றில் எது வந்தாலும் நாள் பார்க்க வேண்டாம். உடனே 999-க்கு அழையுங்கள், அல்லது நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

உரிமையும் தெரிந்திருக்கட்டும்

குடிமக்களுக்கு அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் கட்டணம் 1 வெள்ளி. அங்கிருந்து கடிதம் பெற்று அரசாங்க மருத்துவமனை நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. மூன்று தனியார் கிளினிக்குகளுக்கு அந்தக் குடும்பம் கொட்டிய பணத்தை நினைத்தால் மனம் வலிக்கிறது. நம் கெடாவில் வெள்ளி, சனி வார விடுமுறை என்பதையும் நாள் குறிக்கும்போது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1955-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டப்படி, டாக்டர் சான்றிதழோடு சம்பளத்துடன் கூடிய நோய் விடுப்பு உண்டு. 2 ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டில் 14 நாள். 2 முதல் 5 ஆண்டுக்குள் 18 நாள். 5 ஆண்டும் அதற்கு மேலும் 22 நாள். மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் 60 நாள் வரை. சொக்சோ சந்தா கட்டுபவர்கள், நோயால் நீண்ட நாள் வேலை செய்ய முடியாமல் போனால் சொக்சோ அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள். வேலைக்குத் திரும்ப உதவும் திட்டம் ஒன்றை அது 2007 முதல் நடத்துகிறது. மலாக்காவில் 2014-இல் ஒரு பெரிய மறுவாழ்வு மையத்தையும் அமைத்தது. நமக்குப் பொருந்துமா பொருந்தாதா என்பதை அவர்கள் சொல்லட்டும். கேட்பதற்கு முன்பே "நமக்கெல்லாம் கிடைக்காது" என்று நாமே தள்ளுபடி செய்துவிட வேண்டாம்.

கடைசியாக ஒன்று

டாக்டரும் தாதியும் எத்தனை பேர் வடம் பிடித்தாலும், வீட்டார் நம்பாவிட்டால் தேர் நிலையிலேயே நின்றுவிடும். கிளினிக்கிலிருந்து வந்த அன்று, டாக்டர் சொன்னதை நான் மாமியாரிடம் விளக்கினேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நான் சோம்பேறின்னு சொன்னது தப்புத்தான் டீச்சரம்மா. எனக்குத் தெரியாதே" என்றார். மறுநாள் காலை நாலு மணிக்கு அடுப்பு மூட்டியது பேத்தியல்ல, பாட்டி.

அதற்கு முன்னால் அந்தத் தவறைச் செய்தவள் நான் அல்லவா? தூங்கிய குழந்தையை நிற்க வைத்தேனே, ஏன் தூங்குகிறாய் என்று முதல் நாளே கேட்டேனா? தாயைச் சோம்பேறி என்ற பாட்டிக்கும், மகளைச் சோம்பேறி என்று எண்ணிய எனக்கும் என்ன வேறுபாடு?

அந்தத் தாயார் உடனே எழுந்து ஓடிவிடவில்லை. அந்த ஆண்டுக் கடைசியில்தான் நாற்றுப் பைகளில் மண் நிரப்பும் இலேசான வேலைக்குப் போகத் தொடங்கினார். 2023-இல் உதிரிப் பழத்துக்குத் திரும்பினார். இன்றும் கடினமான வேலையை இரண்டு நாள் தொடர்ந்து செய்ய முடிவதில்லை. "நேத்து ஓடுனா இன்னிக்கு உட்காரணும் டீச்சர். இப்ப எனக்குக் கணக்குத் தெரியும்" என்று சிரிக்கிறார். மகள் இடைநிலைப் பள்ளிக்குப் போய்விட்டாள்.

உங்கள் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ, ஒரு காய்ச்சலுக்குப் பிறகு தேறாமல் ஒருவர் முடங்கிக் கிடக்கிறாரா? கோவிட்டாக இருக்கலாம், டெங்கியாக இருக்கலாம், சிக்குன்குன்யாவாக இருக்கலாம். அவரைச் சோம்பேறி என்று சொல்வதற்கு முன்னால் பக்கத்தில் உட்காருங்கள். ஒரு தாளை எடுங்கள். அவர் சொல்வதை எழுதுங்கள். அந்தத் தாளோடு அவர்கூடப் போங்கள். வடம் அங்கேதான் தொடங்குகிறது.